நெற்றியை அழுத்தும் புதிய ஹெல்மெட்

கேள்வி: எனக்கு வயது 38. பள்ளி ஆசிரியை. திண்டுக்கல்லிலிருந்து நாள்தோறும் போக வர 36 கிலோமீட்டர் ஸ்கூட்டரில் செல்கிறேன். இதுவரை கணவரின் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் முகம் முழுவதையும் மூடும் புதிய ஹெல்மெட் வாங்கினேன். போட்ட இருபது நிமிடத்தில் நெற்றியின் நடுவில் வலி தொடங்குகிறது. பள்ளிக்குப் போய்க் கழற்றினால் முதல் பாடவேளை முடிவதற்குள் சரியாகிவிடுகிறது. கன்னமும் இறுக்கமாக இருக்கிறது. முடி கொட்டுகிறது. இதன் சூடு மூளையைப் பாதிக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். தலையை மட்டும் மூடும் தொப்பி ஹெல்மெட்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: நோயைக் கண்டறிய எங்களுக்கு வேண்டிய செய்தி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அழுத்தம் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வந்து, அழுத்தம் நீங்கிய ஒரு மணி நேரத்துக்குள், அழுத்திய இடத்திலேயே மறைந்துவிடும் வலியைப் புற அழுத்தத் தலைவலி என்று தலைவலிகளின் சர்வதேச வகைப்பாடு தனியாகவே குறிப்பிடுகிறது. புருவத்துக்கு மேலே தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய நரம்புகள் எலும்புக்கும் கவசத்துக்கும் இடையே நசுங்குவதால் வரும் வலி இது. மூளைக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி இருந்தால் மட்டும், இந்த அழுத்தமே அதைத் தூண்டிவிட்டு, கழற்றிய பின்னும் வலி நீடிக்கக்கூடும்.

நீங்கள் கன்னத்தின் இறுக்கத்தையும் நெற்றியின் வலியையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறு. கன்னத்தை மெத்தை சற்று நெருக்கிப் பிடித்திருப்பதுதான் சரியான அளவின் அடையாளம். சில வாரங்களில் அந்த மெத்தை உங்கள் முகத்துக்கு ஏற்பப் படிந்துவிடும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் குத்துவது போன்ற அழுத்தம் அப்படிப் படியாது, ஏனென்றால் அங்கே மெல்லிய துணிக்குப் பின்னால் இருப்பது கெட்டியான தெர்மாகோல். தலைகள் எல்லாம் ஒரே வடிவம் கொண்டவை அல்ல. முன்னும் பின்னும் நீண்ட தலைக்கு வட்டமான கவசத்தைப் போட்டால் நெற்றி வலிக்கும். வட்டமான தலைக்கு நீளமான கவசத்தைப் போட்டால் இரு பக்க நெற்றிப்பொட்டுகளும் வலிக்கும். ஆகவே அதே மாதிரியில் ஓர் அளவு பெரியதை வாங்கினால் வலி போய், கவசமும் தலையில் ஆடத் தொடங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது வேறொரு மாதிரி. உள்ளே இருக்கும் தெர்மாகோலைச் சுரண்டிக் குழிவாக்கிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும்: கூந்தலை எப்படி முடிந்துகொள்கிறீர்கள்? கொண்டையோ, உயரக் கட்டிய குதிரைவாலோ பின்னந்தலையில் இருந்தால் அது கவசத்தை முன்னே தள்ளி நெற்றியில் அழுத்தும். கழுத்துக்குக் கீழே தளர்வாகப் பின்னிய சடை போதும்; கிளிப்பையும் பூவையும் பள்ளிக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள். கவசத்தை மாற்றுவதற்கு முன் இதை இரண்டு நாள் செய்து பாருங்கள்.

அதன் பின்னும் வலித்தால் கடைக்குப் போங்கள். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகச் சுற்றி அளந்துகொண்டு, அந்த அளவில் இரண்டு மூன்று மாதிரிகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் இருபது நிமிடமாவது தலையில் வைத்திருங்கள், உங்கள் வலி தொடங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறதே. தலையை இடமும் வலமும் அசைக்கும்போது கன்னத்தின் தோலும் கவசத்தோடு சேர்ந்து நகர வேண்டும். தாடைப்பட்டையைப் பூட்டிவிட்டு, பின்பக்க விளிம்பில் கைவைத்து மேலும் முன்னுமாகத் தள்ளினால் கவசம் கழன்று வரக்கூடாது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் கூடிய ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தை 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் விற்கவே கூடாது. ஆனாலும் சாலையோரங்களில் அவை கிடைக்கின்றன.

தொப்பி ஹெல்மெட் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்கூட்டரிலிருந்து விழுபவர்கள் பலரும் முகம் தரையில் பட விழுகிறார்கள். தாடையில் விழும் அடி தாடை எலும்போடு நிற்பதில்லை, மண்டையோட்டின் அடித்தளம் வரைக்கும் போகும். கவசத்தின் வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே உள்ள தெர்மாகோல் நசுங்கி, தலை நிற்பதற்குச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளைக் கூடுதலாகத் தருகிறது. அந்தச் சிறு அவகாசத்தில்தான் மூளை தப்புகிறது. 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற பிரிட்டன் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் ஆறு நாள்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தபோது அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர், பின்னர் இதை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டன் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, விபத்தில் சிக்குவோரிடையே தலைக்கவசம் இறப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

சூட்டைப் பற்றிய அச்சம் வேண்டாம். கவசத்துக்குள் வியர்ப்பதும் புழுங்குவதும் உண்மைதான். ஆனால் மூளையின் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது அதற்குள் ஓயாமல் பாயும் ரத்தம். தலையின் தோல் சூடாவதால் அது மாறிவிடாது. கோடையில் புறப்படும் முன் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள், நீரிழப்பும் தலைவலியைத் தரும்.

முடி விஷயத்தை நீங்கள் கவலையோடு எழுதியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. அவை கவசத்துக்குள் ஒரே இடத்தில் சேர்ந்து கண்ணில் படும்போது கவசம்தான் காரணம் என்று தோன்றுகிறது. உராய்வினால் முடி நடுவில் ஒடியலாம், வேர் கெடுவதில்லை. ஈரத் தலையோடு கவசம் போடுவதைத் தவிருங்கள். மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்று மட்டும் உள்ளே கட்டி, அதைத் தினமும் துவைத்துவிடுங்கள். கழற்றக்கூடிய உள் மெத்தையை வாரம் ஒரு முறை ஷாம்பூவில் அலசி நிழலில் காயவையுங்கள்; பெட்ரோலோ தின்னரோ படவே கூடாது, அவை தெர்மாகோலைக் கரைத்துவிடும். பொடுகும் அரிப்பும் இருந்தால், 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரு முறை தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் குளியுங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். வகிடு அகலமாகிக்கொண்டே போனால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு ஆகிய மூன்றையும் பரிசோதியுங்கள். உங்கள் வயதுப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவை நான் மிகுதியாகக் காண்கிறேன். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் இப்போது முடி கொட்டும், பின்னர் தானாக நின்றுவிடும்.

கழற்றிய பின்னும் பல மணி நேரம் நீடிக்கும் தலைவலி, விடியற்காலையில் எழுப்பும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், கைகளில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்தப் பதிலை நம்பிக் காத்திராமல் நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கணவரின் பழைய கவசத்துக்குத் திரும்ப வேண்டாம். அளவில் பெரிதான கவசம், நீங்கள் விழும்போது தலை தரையில் படுவதற்கு முன்பே கழன்று ஓடிவிடும். புதியதைக் கடைக்காரர் மாற்றித் தர ஒரு வாரம் ஆனாலும், அதுவரை இதையே போட்டுக்கொண்டு, வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓரமாக நிறுத்திக் கழற்றி, நெற்றியைத் தடவிவிட்டுச் செல்லுங்கள்.