எழுத்துப்பிழைக்கு ஒரு செட், இலக்கியத்துக்கு ஒரு செட் வாங்க வேண்டுமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய பிறகு மகனுக்கும் (வயது 10) மகளுக்கும் (வயது 7) வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இருவரும் தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் எழுத உட்கார்ந்தால் வரிக்கு வரி பிழை. எழுத்துப்பிழை திருத்த ஒரு பயிற்சிப் புத்தக செட், பழைய இலக்கியத்துக்கு இன்னொரு செட் வாங்க நினைக்கிறேன். எதை வாங்குவது? ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு என்ன செய்வது?

பதில்: இரண்டு செட்டும் வேண்டாம். நல்ல பதிப்பாக ஓர் இலக்கியப் புத்தகம், கோடு போட்ட நோட்டு, ஒரு அகராதி, இவை போதும். எழுத்துப் பயிற்சியும் இலக்கியமும் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும்.

முதலில் பிழை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் பக்கத்துப் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடுகிறது. மீன் கடையில் வாங்கும் வாளையும் பழக்கடையில் தொங்கும் வாழையும் காதுக்கு ஒன்றுதான். சொந்த ஊர்ப் பெயரையே ‘கீளக்கரை’ என்று சொல்லி வளரும் பிள்ளை, கேட்டபடி எழுதினால் தப்பாகத்தான் எழுதும். அதனால் நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவது மட்டும் பயன் தராது. சொல் கண்ணில் பதிய வேண்டும். வாளை–வாழை, வலை–வளை, கரை–கறை என்று ஜோடி ஜோடியாக நோட்டில் எழுதி, பக்கத்தில் படம் வரையச் சொல்லுங்கள். வெளியே போகும்போது பஸ் போர்டுகளைப் படிக்கச் சொல்லுங்கள். அழகன்குளம் என்ற ஒரே பெயரில் ழ, ன, ள மூன்றும் இருக்கின்றன. திருப்புல்லாணி, ஆற்றங்கரை, தொண்டி, வேதாளை எல்லாமே காசில்லாத பாடங்கள்தான்.

மூன்று ‘ந’வையும் ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்று சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுங்கள். சுழியை எண்ணுவதால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களைச் சொல்லுங்கள். விதி பெயருக்குள்ளேயே இருக்கிறது: ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), ற-வுக்கு முன்னால் ன் (நன்றி), த-வுக்கு முன்னால் ந் (பந்து). முந்நூறு போன்ற சேர்ந்த சொற்கள் பிறகு வரட்டும். இன்னொரு விதி: ட், ற் இரண்டுக்கும் அடுத்து வேறொரு புள்ளி எழுத்து நிற்காது. ‘முயற்ச்சி’, ‘காட்ச்சி’ தவறு. முயற்சி, காட்சி சரி. வளர்ச்சி, மகிழ்ச்சி போல ர், ழ் வந்தால் நிற்கும். பத்து வயதுக்கு இந்த இரண்டு விதிகளே நிறைய.

மகளுக்கு ஆத்திசூடி வாங்குங்கள். 109 சிறு வரிகள். அதை நீதி நூலாக மட்டும் பார்க்கிறோம்; எழுத்துப் பாடமாகவும் அது அருமையானது என்பது என் எண்ணம். ‘அறம் செய விரும்பு’ தொடங்கி எழுத்து வரிசைப்படி போகிறது. ‘ஙப்போல் வளை’ என்று ங-வைக்கூட விடவில்லை. ஆனால் ட வரும் இடத்தில் ‘இடம்பட வீடு எடேல்’, ண வரும் இடத்தில் ‘இணக்கம் அறிந்து இணங்கு’, ல-வுக்கு ‘இலவம் பஞ்சில் துயில்’, ள-வுக்கு ‘இளமையில் கல்’, ற-வுக்கு ‘அறனை மறவேல்’. இந்த எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பதால் ஒளவையார் முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்திருக்கிறார். மகளிடம் ‘ண-வில் தொடங்கும் ஒரு சொல் சொல்லு’ என்று கேட்டுவிட்டு, தேடித் தேடிக் கிடைக்காமல் போனதும் இந்த வரியைக் காட்டுங்கள். அப்புறம் மறக்காது.

மகனுக்கு மூதுரை. 30 வெண்பாக்கள்தான். இங்கேதான் எந்தப் பதிப்பை வாங்குகிறோம் என்பது முக்கியம். ஒரு புத்தகத்தில் ‘நெல்லுக் கிறைத்தநீர்’ என்று சீர்ப்படி அச்சிட்டிருப்பார்கள். பிள்ளை ‘கிறைத்தநீர்’ என்றால் என்ன என்று முழிக்கும். இன்னொன்றில் ‘நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழி ஓடி’ என்று சந்தி பிரித்திருக்கும். இரண்டு வடிவமும் அடுத்தடுத்து இருக்கிற பதிப்பே சிறந்தது. பிரித்ததை முதலில் படித்துப் பொருள் புரிந்தபின், சேர்த்ததைப் பார்த்தால் சொற்கள் எப்படி ஒட்டுகின்றன என்பதும் தெரிந்துவிடும். பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் 1950களில் சந்தி பிரித்த பதிப்புகளை மலிவு விலையில் கொண்டுவந்ததும் இந்தத் தேவைக்காகத்தான்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டைப் படத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே நாலு பக்கம் புரட்டி ‘முயற்சி’, ‘பயிற்சி’ போன்ற சொற்களைத் தேடுங்கள். அதிலேயே பிழை இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பிழை திருத்த வாங்கும் புத்தகமே பிழையைக் கற்றுக்கொடுத்தால் எப்படி? அப்புறம் எழுத்து பெரிதாக இருக்கிறதா, பதவுரை இருக்கிறதா என்று பாருங்கள். உரைநடையில் சுருக்கிய கதைப் புத்தகங்கள் இரவில் வாசித்துக் காட்ட நல்லவை. பார்த்து எழுத மூலப்பாடல்தான் வேண்டும்.

எழுதும் முறை இது. நாளுக்கு ஒரு பாடல், அல்லது பாதி. வாய்விட்டுப் படிக்க வேண்டும், பார்த்து எழுத வேண்டும், மறுநாள் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தை வைத்துப் பிள்ளையே தன் பிழையைக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டாம். தானே கண்டுபிடித்த பிழை திரும்ப வருவது குறைவு.

மூதுரையும் சில குறள்களும் ஆன பிறகு, மகனுக்குச் சங்க நூலான ஐங்குறுநூற்றின் நெய்தல் (கடற்கரை) பகுதியைத் திறந்து காட்டுங்கள். அம்மூவனார் பாடியது. அதில் ஒரு பத்துப் பாடல்களும் ‘பெருங்கடற் கரையது சிறுவெண் காக்கை’ என்றே தொடங்கும். கரையில் வெள்ளைப் பறவைகளைப் பார்த்து வளரும் பையனுக்கு இதற்கு உரையே தேவையில்லை. பெரு, சிறு என்று இரண்டு ரகரமும் ஒரே வரியில் இருக்கின்றன. கடலும் கரையும் சேர்ந்தால் கடற்கரை. ‘கடற்க்கரை’ ஏன் தப்பு என்பது மேலே சொன்ன விதியிலேயே இருக்கிறது. இவை காதலையும் பிரிவையும் பேசும் பாடல்கள். இந்த வயதில் முதல் இரண்டு அடிகளின் காட்சி போதும், மீதி வளர்ந்த பிறகு.

உங்கள் ஊர்க்காரர் வள்ளல் சீதக்காதியின் ஆதரவு பெற்ற உமறுப்புலவர், நபிகளின் வாழ்க்கையைப் பாடிய சீறாப்புராணத்தையும் விட்டுவிடாதீர்கள். முழுக் காப்பியம் இப்போது கடினம். மானுக்குப் பிணை நின்ற படலத்தை மட்டும் எடுங்கள். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்ற மானுக்காக நபிகள் பிணை நிற்கும் கதையைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கதையை நீங்கள் சொல்லிவிட்டு, பிடித்த ஒரு பாடலை எழுதச் சொல்லுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைப் பாருங்கள். மூலமும் உரையும் இலவசம். மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழைய நூல்கள் ஏராளம், ஆனால் பெரும்பாலும் மூலம் மட்டும்தான். அது உங்களுக்கு உதவும், பிள்ளைகளுக்கு அல்ல. அகராதிக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. விலை கொஞ்சம் கூடினாலும் அதற்குக் கொடுக்கலாம்.

சரி, ஆங்கிலம். தரவாரியாகப் போகும் பயிற்சிப் புத்தகம் ஒன்றே போதும். லைட், நைட், ரைட் என்று ‘ஐ-ஜி-எச்-டி’யில் முடிபவற்றைச் சேர்த்துக் கற்பது போல, ஒரே குடும்பத்துச் சொற்களைச் சேர்த்து எழுத வையுங்கள். வாசிக்க ஈசாப் கதைகள். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கம் மட்டும் வேண்டாம். ‘பிக்’ என்று எழுதினால் அது பன்றியா, பெரியதா என்று தமிழ் எழுத்து சொல்லாது. அங்கேதான் ஆங்கிலத்தில் பாதிப் பிழை ஆரம்பிக்கிறது.