நச்சு உலோகத்தை இலையில் சேர்க்கும் செடிகள் ஏன் சாவதில்லை? அவற்றை நட்டால் நிலம் சுத்தமாகுமா?

கேள்வி: ஆர்சனிக், நிக்கல், காட்மியம் போன்றவற்றை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் வைத்துக்கொண்டும் சில செடிகள் நன்றாக வளர்கின்றனவாமே, எப்படி? தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த எங்கள் நிலத்தில் அவற்றை நட்டால் மண் தேறுமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குப் பிடித்த வேலை. இரண்டாவதற்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் என்னிடம் இல்லை. மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்ப்பதால், இந்த இரண்டாவது கேள்வி எங்களிடம் அடிக்கடி வரும். பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டோடு சேர்ந்தே வரும்.

நச்சு மண்ணில் உயிரோடு இருப்பது வேறு, அந்த நச்சை இலைக்கு ஏற்றுவது வேறு. கன உலோகம் உள்ள மண்ணில் தாக்குப்பிடிக்கும் செடிகளில் பெரும்பாலானவை அதை வேரோடு நிறுத்திவிடும். வேரின் செல்லுக்குள் ஃபைட்டோகெலட்டின் என்ற சிறிய புரதத் துண்டைத் தயாரித்து, காட்மியம் போன்றவற்றை அதனோடு பிணைத்து, வாக்குவோலுக்குள், அதாவது செல்லுக்குள் இருக்கும் பை போன்ற சேமிப்பு அறைக்குள், தள்ளிவிடும். இலை தப்பித்துக்கொள்ளும். வெட்டிவேர் பெரும்பாலும் இந்த ரகம்தான். சுரங்கக் கழிவு மேட்டில்கூட வளரும், மண்ணைப் பிடித்துவைக்கும், ஆனால் உலோகத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். மேலே வளரும் புல்லை அறுத்து அறுத்து நிலத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று ஃபார்வர்டு சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்டிருப்பது வேறொரு கூட்டம். ஹைப்பர் அக்யுமுலேட்டர் என்கிறார்கள். உலர்ந்த இலையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் நிக்கல் இருந்தால் அந்தச் செடி இந்தப் பட்டியலில் சேரும். காட்மியத்துக்கு 100 மில்லிகிராமே போதும். சாதாரணச் செடியில் நிக்கல் சில மில்லிகிராம்தான் இருக்கும். உலகம் முழுவதும் இதுவரை 700க்கு மேற்பட்ட இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள், அவற்றில் 500க்கு மேல் நிக்கல் செடிகள். செர்பென்டைன் என்ற பாறை சிதைந்து உண்டான மண்ணில் நிக்கல் இயற்கையாகவே அதிகம், சத்தோ குறைவு. பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணிலேயே கிடந்து பழகிய செடிகள் இவை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவின் ஒரு மரம், பிக்னாண்ட்ரா அக்யுமினேட்டா. சப்போட்டா, இலுப்பை, மகிழம் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். சப்போட்டாக் காயைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும் இல்லையா, இந்த மரத்தின் பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்த நிறம் நிக்கலுடையது. பாலைக் காயவைத்து எடை போட்டால் கிட்டத்தட்ட கால் பங்கு நிக்கல். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜாஃப்ரேயும் அவருடைய கூட்டாளிகளும் 1976இல் இதை வெளியிட்டார்கள். ஹைப்பர் அக்யுமுலேட்டர் என்ற பெயர் பரவியதும் அந்தக் கட்டுரையிலிருந்துதான். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ஒரு சின்னச் செடியின் இலையில் சுமார் ஒரு சதவீத நிக்கல் இருப்பதை 1948லேயே கண்டிருந்தார்கள், ஆனால் அதை அப்போது ஒரு விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கும். நிக்கல் உப்புக் கரைசலில் அம்மோனியா விட்டு, டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்தால் பளிச்சென்று ரோஸ் சிவப்பில் வீழ்படிவு வரும். காட்டில் நிக்கல் செடி தேடுகிறவர்கள் செய்வதும் அதேதான். டைமெத்தில் கிளையாக்சைம் கரைசலில் தோய்த்துக் காயவைத்த வடிதாளை எடுத்துப்போய், இலையைக் கசக்கி அதன்மேல் அழுத்துகிறார்கள். நிக்கல் செடி என்றால் தாள் அந்த இடத்திலேயே சிவக்கும். லேப் தேர்வில் மார்க் வாங்கித் தந்ததைத் தவிர வேறு எதற்கும் உதவாது என்று நாம் நினைத்த சோதனை, காட்டுக்குள் பையில் வைத்துக்கொண்டு போகிற கருவியாக இருப்பது எனக்கு எப்போதுமே வேடிக்கைதான். இன்னொரு வழியும் உண்டு. 1970களில் நியூசிலாந்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ராபர்ட் ப்ரூக்ஸின் குழுவினர், ஹெர்பேரியங்களில் தாளில் ஒட்டிக் காயவைத்திருந்த பழைய செடிகளிலிருந்து துளித் துளி இலையைக் கிள்ளி வாங்கிச் சோதித்தார்கள். காட்டுக்கே போகாமல் அலமாரியிலிருந்து புதிய நிக்கல் செடிகள் கிடைத்தன.

சரி, எப்படிச் சாகாமல் இருக்கின்றன?

சுருக்கமாகச் சொன்னால், நச்சு செடிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் இடத்திலும், என்சைம்கள் வேலை செய்யும் செல் திரவத்திலும் அது சும்மா திரியக் கூடாது. அதனால் வேரிலிருந்து சைலத்துக்கு (தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்) வேகமாக ஏற்றி, இலைக்குக் கொண்டுபோய், வெளித்தோல் செல்களின் வாக்குவோலுக்குள் அடைத்துவிடுகின்றன. போகிற வழியிலும் தனியாக விடுவதில்லை. நிக்கல் என்றால் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமோ சிட்ரேட்டோ கூடவே ஒட்டிக்கொண்டு போகும்.

இதற்கென்று புதிதாக எதையும் கண்டுபிடித்த மாதிரி தெரியவில்லை, இருப்பதையே பெருக்கியிருக்கின்றன. எல்லாச் செடிக்கும் துத்தநாகம் கொஞ்சம் வேண்டும். அதை வேரிலிருந்து சைலத்துக்குத் தள்ளும் புரதத்துக்கு ஹெச்எம்ஏ4 என்று பெயர். ஐரோப்பாவில் துத்தநாகமும் காட்மியமும் உள்ள மண்ணில் வளரும் அரபிடாப்சிஸ் ஹாலெரி என்ற கடுகுக் குடும்பச் செடியில் அந்தப் புரதத்துக்கான ஜீன் ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது என்று 2008இல் காட்டினார்கள். ஜீன் ஓயாமல் வேலையும் செய்கிறது. துத்தநாகத்தை வேர் மேலே தள்ளத் தள்ள, வேரில் பற்றாக்குறை என்று செடிக்குத் தோன்றும், மண்ணிலிருந்து இன்னும் இழுக்கும். காட்மியம் துத்தநாகத்தைப் போலவே இருப்பதால் கூடவே டிக்கெட் இல்லாமல் ஏறிவிடுகிறது.

ஆர்சனிக் கதை இன்னும் சுவாரசியம். மண்ணில் அது பெரும்பாலும் ஆர்சனேட்டாக இருக்கும். வடிவத்திலும் மின்சுமையிலும் அது பாஸ்பேட்டைப் போலவே இருப்பதால், வேர் பாஸ்பேட் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் பாஸ்பேட்டின் இடத்தில் உட்கார்ந்து, செல்லின் ஆற்றல் கணக்கையே கெடுக்கும். டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றுகிறது. ஆர்சனைட் அதைவிட மோசமான நஞ்சு! புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆனால் பாஸ்பேட் போல் வேடம் போட அதனால் முடியாது, எனவே அதைத் தனியாகப் பிரித்துத் தள்ள முடிகிறது. ஏசிஆர்3 என்ற புரதம் அதை வாக்குவோலுக்குள் தள்ளிவிடுகிறது. பூக்கும் தாவரங்களில் இந்தப் புரதம் இல்லை, பெரணியில் இருக்கிறது.

இந்தப் பெரணியை நீங்கள் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, ஈரமான கிணற்றுச் சுவர் என்று நம்மூரிலும் முளைக்கும். நடுக்காம்பின் இரண்டு பக்கமும் நீளநீளமான சிற்றிலைகள் இருக்கும், ஓரங்களில் அடிப்பக்கம் பழுப்புக் கோடாக வித்துகள். சுவரில் முளைத்தால் உங்கள் சுவரில் ஆர்சனிக் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், அது இல்லாமலும் வளரும். புளோரிடாவில், வெட்டிய மரக்கட்டைகள் கெடாமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றிக்கொண்டிருந்து பின்னர் கைவிடப்பட்ட ஓர் இடத்தில் இது செழித்திருந்ததை ஆய்வாளர் லீனா மாவும் அவரது குழுவினரும் கவனித்து, 2001இல் எழுதினார்கள். ஆர்சனிக் மிகுந்த மண்ணில் வளர்த்தபோது உலர்ந்த இலையில் 2 சதவீதத்துக்கு மேலேயே போனது.

இத்தனை பாடுபட்டு நஞ்சை ஏன் சேர்க்க வேண்டும்? பூச்சியும் ஆடுமாடும் தின்னாமல் இருக்க என்பதுதான் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட விளக்கம். பல செடிகளில் அது உண்மைதான் என்று காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் பூச்சிகள் சும்மா இருக்குமா? அமெரிக்காவில் ஸ்டான்லியா பின்னேட்டா என்ற செடி இலையில் செலினியம் சேர்க்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போடும் நம் விவசாயிகளைப் படுத்துகிற அதே வைரமுதுகு அந்துப்பூச்சியில், அந்த இலையைத் தின்றும் சாகாத ஒரு வகை உருவாகிவிட்டது என்று 2006இல் கண்டார்கள். அந்தப் புழுவுக்குள் முட்டையிடும் குளவியும் கூடவே செலினியத்துக்குப் பழகியிருந்தது.

இனி நிலத்துக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஏக்கரில் மேல்மண் 20 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் டன். அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஆர்சனிக் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 50 கிலோ. அதை 20க்குக் கொண்டுவர 30 கிலோ வெளியே போக வேண்டும். வருடத்துக்கு 2 டன் உலர்ந்த பெரணி அறுத்து, அதில் 0.2 சதவீதம் ஆர்சனிக் இருந்தால் போவது 4 கிலோ. ஆக ஏழெட்டு வருடம், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். உண்மையில் இதைவிட அதிகம் ஆகும், ஏனென்றால் சுலபமாகக் கரையும் பங்கு முதலில் போய்விடும், மண் துகளோடு இறுகியிருப்பது வர மறுக்கும். பெரணிக்கு ஈரமும் வேறு வேண்டும். அந்த வருடங்களில் வேறு வெள்ளாமை கிடையாது.

அறுத்த இலையை என்ன செய்வது என்பதை யாரும் ஃபார்வர்டில் எழுதுவதில்லை. மக்கவைத்தால் மண்ணிலேயே திரும்ப விழும். மாட்டுக்குப் போட முடியாது. கொளுத்தினால் ஆர்சனிக் ஆவியாகி அந்தப் புகையிலேயே போகும், மூச்சில் இழுப்பது நீங்களும் பக்கத்துக்காரரும். அபாயக் கழிவு என்று முறைப்படி ஒப்படைக்க வேண்டும், அதற்கும் செலவு உண்டு.

இந்த இலைக்கு விலை இருக்கிற ஒரே இடம் நிக்கல். அல்பேனியாவின் செர்பென்டைன் வயல்களில் ஒடோண்டாரினா என்ற மஞ்சள் பூச்செடியைப் பயிர் செய்து, எரித்துச் சாம்பலிலிருந்து நிக்கல் எடுக்கிறார்கள், எக்டேருக்கு 100 கிலோ அளவுக்குக் கிடைத்திருக்கிறது. மலேசியாவின் சபா மாநிலத்தில் கீழாநெல்லி சேர்ந்திருக்கும் அதே ஃபிலாந்தஸ் பேரினத்துப் புதர் ஒன்றை வைத்து இதே முயற்சி நடக்கிறது. ஆனால் வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்து நடுவதிலும் வம்பு உண்டு. அமெரிக்காவின் ஓரிகானில் இப்படி நட்ட ஐரோப்பியச் செடி வயலைத் தாண்டிப் பரவி, அரசாங்கமே அதைக் களைப் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது.

இப்போது உங்கள் நிலம். தோல் ஆலைக் கழிவு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை குரோமியமும் உப்பும். மேலே சொன்ன பெரணி ஆர்சனிக்குக்கானது, குரோமியத்துக்கு அதை நடுவதில் பலன் இல்லை. குரோமியம் வேருக்குள் போனதும் பெரும்பாலும் மூவிணைதிற (குரோமியம்-3) நிலைக்கு மாறி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதை இலைக்கு ஏற்றி அறுவடை செய்யும்படியான செடி எதையும் உங்களுக்குக் கைகாட்ட என்னால் முடியாது. யாராவது நாற்று விற்க வந்தால், எந்த உலோகத்துக்கு, இலையில் கிலோவுக்கு எவ்வளவு என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

அப்புறம், செடி வாங்கும் பணத்தில் மண்ணைச் சோதியுங்கள். கழிவு பாய்ந்த வாய்க்கால் ஓரம், நடு வயல், மேட்டுப் பக்கம் என்று தனித்தனியாக மாதிரி எடுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் மோசமான இடம் தெரியாமல் போய்விடும். வி வடிவக் குழி வெட்டி, பக்கச்சுவரிலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் சுரண்டுங்கள். நாகம் பூசிய தகரமும், துருப்பிடித்த கொத்தும் வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டியோ மூங்கில் சீவலோ போதும். ஆய்வகத்தில் மொத்தக் குரோமியம் மட்டும் கேட்காமல் ஆறிணைதிறக் குரோமியத்தையும் (குரோமியம்-6) தனியாகக் கேளுங்கள், நஞ்சு அதில்தான். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், சோடியம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலாற்றுப் பக்கத்து நிலங்களில் பயிர் கருகுவதற்கு உப்பே காரணமாக இருப்பது சகஜம். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிடுங்கள். முடிவு வரும்வரை அந்த வயலில் கீரை மட்டும் போடாதீர்கள், காட்மியம் போன்றவை தானியத்தைவிடக் கீரையில்தான் சுலபமாக ஏறும்.