கருணை மனு ஏழு ஆண்டாகக் கிடப்பில்: தூக்கு, ஆயுளாகுமா?

கேள்வி: கொலை வழக்கில் என் அண்ணனின் தூக்கை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, சீராய்வு மனுவும் தள்ளுபடி. ஜனாதிபதிக்குப் போன கருணை மனுவுக்கு ஏழு ஆண்டாகப் பதில் இல்லை. வழக்குக்கு வயது 16. தாமதத்தைக் காட்டி உயிரைக் காப்பாற்ற முடியுமா? இன்னொரு மனு போடலாமா?

பதில்: முடியும். ஆனால் 16 ஆண்டையும் கணக்கில் காட்டாதீர்கள். விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் போன காலம் சேராது. இதை 1989-லேயே திரிவேணிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் மேசையில் மனு கிடந்த ஏழு ஆண்டுதான் உங்கள் பலம்.

அதனால்தான் இன்னொரு கருணை மனு வேண்டாம் என்கிறேன். மனு மேல் மனு போட்டால், அந்தத் தாமதத்தை அரசுத் தரப்பு அண்ணன் தலையில்தான் கட்டும். மனநோய் போன்ற புதுக் காரணம் இருந்தால், மருத்துவச் சான்றை நிலுவையிலுள்ள மனுவோடு சேர்க்கும்படி சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்புங்கள்.

2014 ஜனவரி 21-ல் சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேரின் தூக்கு ஆயுளானது. அவர்களில் பாலாறு குண்டுவெடிப்பு வழக்கின் நால்வரும் உண்டு. அடுத்த மாதமே பேரறிவாளன், சாந்தன், முருகன் தூக்கும் ரத்தானது. அவர்கள் மனு 11 ஆண்டு கிடந்தது. இத்தனை ஆண்டு என்று வரம்பு கிடையாது, குற்றத்தின் கொடூரமும் தடையில்லை. காரணமற்ற தாமதம் என்று காட்டினால் போதும்.

அதைக் காட்டுவது தேதிகள்தான். மனு சிறையை விட்டுப் போன நாள், ஆளுநர் நிராகரித்த நாள், மத்திய உள்துறைக்குச் சேர்ந்த நாள், ஒவ்வொரு நினைவூட்டலின் நாள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்டால் மறுப்பார்கள். தேதிகளை மட்டும் கேளுங்கள். தனிக்கொட்டடியில் வைத்திருந்தால் அந்தக் காலத்தையும் குறியுங்கள். கருணை மனு முடிவாகுமுன் அப்படி அடைப்பது சட்டவிரோதம்.

இப்போதே ரிட் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ போடும் மனு) போட்டால் ‘விரைந்து முடிவெடுங்கள்’ என்ற உத்தரவு கிடைக்கவே வாய்ப்பு அதிகம். அது நிராகரிப்பைத் துரிதப்படுத்திவிடலாம் என்பதையும் யோசியுங்கள்.

நிராகரித்தால் எழுத்தில் தர வேண்டும். அதற்கும் தூக்குக்கும் இடையே குறைந்தது 14 நாள் விட வேண்டும். அதற்குள் அரசியல் சாசனத்தின்படி உயர் நீதிமன்றத்தில் 226-ஆம் பிரிவின் கீழோ உச்ச நீதிமன்றத்தில் 32-ஆம் பிரிவின் கீழோ ரிட் தாக்கலாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் 472-ஆம் பிரிவைக் காட்டி, ‘கோர்ட் தலையிட முடியாது’ என்பார்கள். அரசியல் சாசனம் தந்த ரிட் அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். யார் நடத்தினாலும், வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அண்ணனின் கையெழுத்தைச் சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு இப்போதே வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த 14 நாளில் சில நாள் இதற்கே போய்விடும்.