நியூட்ரானுக்குள் மின்சுமை உண்டா?

கேள்வி: நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை என்றால், அதற்குள் சுமையுள்ள எதுவுமே இல்லையா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இருக்கிறது. நியூட்ரான், குவார்க் எனும் இன்னும் சிறிய துகள்களால் ஆனது; அதில் ஓர் ‘அப்’ குவார்க்கும் இரண்டு ‘டவுன்’ குவார்க்குகளும் உள்ளன. எலெக்ட்ரானின் சுமையளவை ஓர் அலகாகக் கொண்டால், அப் குவார்க்குக்கு +2/3, டவுன் குவார்க்குக்குத் தலா –1/3 என்பதால், கூட்டுத்தொகை சரியாகச் சுழியமாகிறது. புரோட்டானில் இரண்டு அப், ஒரு டவுன், ஆகவே +1. சுமையற்ற நியூட்ரான் சிறு காந்தம்போல நடந்துகொள்வதுதான், உள்ளே சுமை உண்டு என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று.

உங்கள் பக்கத்துக் கடற்காற்றில் ஈரம் அதிகம். வறண்ட நாளொன்றில் பிளாஸ்டிக் சீப்பால் தலைவாரிக் காகிதத் துணுக்கருகே பிடித்துப் பாருங்கள். துணுக்கைத் தாவி ஒட்டவைக்கும் அந்தச் சுமையும் முழு எலெக்ட்ரான்களின் கணக்குதான். 1964-ல் இயற்பியலாளர்கள் கெல்-மானும் ஸ்வெய்க்கும் முன்வைத்த குவார்க்குகளின் பின்னச் சுமை தனித்து அகப்பட்டதே இல்லை.