டியோடரண்ட் டப்பாவில் முயல் எதற்கு?

கேள்வி: கடையில் முயல் படம் போட்ட டியோடரண்ட் 399 ரூபாய், படம் இல்லாதது 199. விலங்குகள் மேல் சோதிக்கவில்லை என்பதற்கு அந்த முயல்தான் அடையாளமாம். விலங்குகளை வதைக்காத கம்பெனிக்குத்தான் என் காசு போக வேண்டும். கூடக் கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: முயலுக்காக மட்டும் என்றால் வேண்டாம். அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பதை இந்தியா 2014லேயே தடை செய்துவிட்டது, வெளிநாட்டில் அப்படிச் சோதித்ததை இங்கே இறக்குமதி செய்யவும் அதே வருடம் தடை வந்தது. ஆக 199 ரூபாய் டப்பாவும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது. சட்டத்தை மீறாமல் இருப்பதற்குத் தனியாக 200 ரூபாய் கூலியா? நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கம்பெனி மற்ற நாடுகளில் என்ன செய்கிறது என்பதை. இறக்குமதி அழகுசாதனங்களுக்கு விலங்குச் சோதனை வேண்டும் என்று சீனா வெகுகாலம் அடம்பிடித்தது, 2021 மே மாதத்தில்தான் சாதாரண வகைகளுக்கு நிபந்தனைகளோடு விலக்கு கொடுத்தது. அதுவரை அங்கே கடை விரித்தவர்கள் யார், விரிக்க மறுத்தவர்கள் யார் என்று தேடினால் ஓரளவு தெரியும். அப்புறம், எல்லா முயலும் ஒரே முயல் இல்லை. லீப்பிங் பன்னி (விலங்குச் சோதனை இல்லை என்பதற்கு வெளியார் கொடுக்கும் சான்று) முத்திரை என்றால் மூலப்பொருள் கொடுப்பவர்கள் வரை கணக்குக் கேட்பார்கள், தணிக்கையும் உண்டு. வேறு சில முயல்கள் டப்பா டிசைன் செய்தவரே வரைந்தவை. பிராண்டின் பெயர் லீப்பிங் பன்னி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

கேள்வி: ‘அலுமினியம் இல்லாத இயற்கை கிரிஸ்டல்’ என்று 450 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். பின்பக்கப் பொடி எழுத்தில் ‘பொட்டாசியம் ஆலம்’ என்று இருக்கிறது. வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். (மதுரை)

பதில்: சிரிப்பவர்களை விடுங்கள், தப்பு உங்கள் மேல் இல்லை. பொட்டாசியம் ஆலம் என்பது நம் படிகாரம்தான், சலூனில் ஷேவிங் முடிந்ததும் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே கல். நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அது அலுமினியம் உப்பு. அதை விற்றுக்கொண்டே ‘அலுமினியம் இல்லை’ என்று முன்பக்கம் அச்சடிப்பது பச்சைப் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் லேபிளும் மேலுறையும்கூட விளம்பரக் கணக்கில்தான் வருகின்றன, பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம், பில் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு 1915க்குப் போன் செய்யுங்கள். கல்லைத் தூக்கி எறிய வேண்டாம், நாற்றத்துக்கு அது நல்லதுதான். அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பதும் நிரூபணமாகவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த ‘இல்லை’ வியாபாரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ‘பாரபென் இல்லை’ என்பார்கள் (கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் அது), பெரிய பிராண்ட் டியோடரண்டுகள் பெரும்பாலானவற்றில் அது இப்போது இல்லவே இல்லை. ஸ்பிரே டப்பாவில் ‘சிஎஃப்சி இல்லை, ஓசோனுக்குப் பாதுகாப்பு’ என்பார்கள், ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயுவைத் தடுக்க வந்த 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பலனாகச் சிஎஃப்சி ஸ்பிரேக்களை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது. எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லாத கொலஸ்ட்ராலை ‘இல்லை’ என்று சொல்லிக் கடலை எண்ணெய் விற்ற அதே புத்தி. இருப்பது என்ன என்று கேளுங்கள்: பல ஸ்பிரேக்களில் டப்பாவுக்குள் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும், அதாவது சமையல் கேஸின் சொந்தக்காரர்கள். அதை முன்பக்கம் பெரிதாகப் போடுவார்களா? ‘மண்ணுக்கு நண்பன்’ என்று எழுதிய ஒரு மூங்கில் மூடி டியோடரண்ட் என்னிடமும் இருக்கிறது, மூங்கிலைச் சுரண்டினால் உள்ளே பிளாஸ்டிக். இப்படிச் சும்மா ‘பசுமை’ என்று எழுதக் கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. நாம் புகார் செய்யாவிட்டால் அது காகிதம்தான்.

கேள்வி: சின்ன, நேர்மையான கம்பெனி என்று நம்பி வெளிநாட்டு பிராண்ட் ஒன்றை வாங்குகிறேன். அதைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். விட்டுவிடலாமா?

பதில்: இப்படிப் போன பிராண்டுகள் நிறைய. டாம்ஸ் ஆஃப் மெய்ன் 2006ல் கோல்கேட்டிடம் போனது. 2017ல் ‘நேட்டிவ்’ பிராண்ட் பி அண்ட் ஜி கம்பெனியிடமும், ‘ஷ்மிட்ஸ்’ பிராண்ட் யூனிலீவரிடமும் போயின. பொருளும் முத்திரையும் மாறாமல் இருக்கலாம், லாபம் போகும் இடம் மாறிவிட்டது. அது உங்களுக்கு உறுத்தினால் விடுங்கள்.

கேள்வி: 70 சதவீதத் தள்ளுபடியில் ஆறு டியோடரண்ட் வாங்கினேன். எல்லாம் காலாவதி. பில் இல்லை, விற்றவர் பெயரும் ஞாபகம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கேள்வி: விளம்பரம் அசிங்கமாக இருந்தால் பொருளையும் ஒதுக்க வேண்டுமா? (கோவை)

பதில்: நான் ஒதுக்குவேன். 2022 ஜூனில் லேயர் ஷாட் என்ற பாடி ஸ்பிரேயின் விளம்பரம் கூட்டு வல்லுறவை வைத்து ஜோக் அடிப்பது போல வந்தது. மத்திய அரசே ட்விட்டரையும் யூடியூபையும் அதை எடுக்கச் சொன்னது, பிறகுதான் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. எழுதி, நடித்து, படம் பிடித்து, பார்த்து ஒப்புதல் கொடுத்த அத்தனை பேரில் ஒருவருக்கும் உறுத்தவில்லை பாருங்கள். அந்த டப்பாவில் எத்தனை முயல் இருந்து என்ன?

கேள்வி: டியோடரண்டே போடாமல் இருப்பதுதான் ஆக நியாயமானது என்கிறான் கல்லூரி போகும் என் மகன்.

பதில்: சாயங்காலம் டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.