மொட்டை மாடியா, வகுப்பறையா?

கேள்வி: ஒன்று முதல் நான்கு வயது வரை குழந்தைகள் உள்ள ஒன்பது குடும்பங்கள் ஞாயிறுதோறும் காலையில் கூடுகிறோம். பாட்டு, கதை, விளையாட்டு என்று இரண்டு மணி நேரம் போகும். இதுவரை வீடுகளில் முறைவைத்து நடத்தினோம். இப்போது இடம் போதவில்லை. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி, மாநகராட்சிப் பூங்கா, தெரிந்தவரின் கல்யாண மண்டபம், தெருமுனை நர்சரிப் பள்ளியில் ஒரு வகுப்பறை ஆகிய நான்கும் கிடைக்கும். காற்றோட்டமானது, செலவில்லாதது என்பதால் எனக்கு மாடிதான் பிடித்திருக்கிறது. மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்புக்கு மேலேயே இருக்கலாம். ஆனால் நீங்கள் உட்காருவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோவீர்கள் அல்லவா? மூன்று வயதுப் பிள்ளை அதைச் சுவரோரம் இழுத்துப்போட அரை நிமிடம் போதும். போதாததற்குக் குழாய்கள், பூந்தொட்டிகள், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏணி என்று அங்கே இருப்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குப் படிகள்தான்.

மண்டபம் பெரியவர்களுக்குத்தான் வசதி. தடுப்பில்லாத மேடை, ஈரம் காயாத கைகழுவும் இடம், நாலு பக்கமும் வாசல். பாதி நேரம் பிள்ளைகளைத் தேடுவதிலேயே போய்விடும். பூங்காவுக்கு மாதம் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். வேலியோரம் அரளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயது இது.

நான் வகுப்பறையைத்தான் சொல்வேன். சின்னதாக இருப்பதே அதன் பெருமை. எங்கே உட்கார்ந்தாலும் எல்லாக் குழந்தைகளும் கண்ணில் படுவார்கள். ஆனால் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் கூடப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை போய், முட்டிபோட்டு அறையைச் சுற்றி வாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத பிளக் பாயின்ட், பெஞ்சில் துருத்திய ஆணி, விரல் நசுங்கும் கதவிடுக்கு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

பிறகு வெளியே வந்து தண்ணீரைப் பாருங்கள். சம்ப் மூடி பெயருக்கு மூடியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? கழிப்பறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்களா? இந்த வயதில் தலைதான் கனம். குனிந்து உள்ளே விழுந்த குழந்தையால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. நீங்கள் இருக்கும் இரண்டு மணி நேரமும் வாளிகள் கவிழ்ந்தே இருக்கட்டும். தண்டவாளத்தில் ஓடும் இரும்புக் கேட் இருந்தால் அதைத் திறப்பதும் மூடுவதும் பெரியவர் வேலை. சக்கரம் தடம் புரண்டால் கேட் அப்படியே சாய்ந்துவிடும்.

வாசல் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்று இருக்கிற ஒரே கதவையும் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியபோது, இறங்கி ஓட இருந்தது ஒரே குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகளை இழந்தோம். ஆகவே தரைத்தள அறையாகக் கேளுங்கள். இரண்டாவது கதவும் இருந்தால் இன்னும் நல்லது. கதவுக்குப் பூட்டு வேண்டாம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போதும். ஒரு கதவுக்கு முன்னால் அலமாரியோ பாய்க்கட்டோ கிடந்தால் அதைக் கதவாகவே எண்ணாதீர்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு எல்லோரும் சேர்ந்து பேச்சில் மூழ்கிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும், கூடுவதே அதற்காகவும்தானே. அரை மணிக்கு இரண்டு பேர் வீதம் முறைவைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவர் கையில் மட்டும் போன் இருக்கக் கூடாது. பிறந்தநாள் என்று யாராவது பலூன் கொண்டுவந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். முழுத் திராட்சையும் வேர்க்கடலையும் வேண்டாம், வாழைப்பழம் போதும்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளியில் வேறு யார் இருப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். பெயின்ட் அடிப்பதோ குழி தோண்டுவதோ நடக்கிற வாரங்களில் பேசாமல் வீடுகளிலேயே இரண்டு குழுவாகக் கூடிவிடுங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள். கதை சொல்ல ஆள் கிடைத்தாயிற்று.