ரன்னுன்னா ஓடுறது மட்டும்தானா?

கேள்வி: அக்கா, நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஒரு புடவைக் கடையில சேல்ஸ்ல நிக்கிறேன். வெளிநாட்டுலேருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு பொண்ணு, மெரூன் கலர் காட்டன் புடவைய கையில வச்சிக்கினு "வில் தி கலர் ரன்?"னு கேட்டுச்சு. கலர் எங்க ஓடும்னு நான் பேந்தப் பேந்த முழிச்சேன், சூப்பர்வைசர் வந்து சமாளிச்சாரு. வீட்டுக்குப் போய் டிக்‌ஷனரிய பொரட்டினா ரன்னுக்குக் கீழ பக்கம் பக்கமா போகுது. அவ்ளோத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: மொதல்ல கடை விஷயத்த முடிச்சிடலாம். சாயம் போகுமான்னு கேட்டிருக்கு அந்தப் பொண்ணு. ஆனா நாம சாயம் போறதுன்னு ரெண்டத்தையும் சேத்து சொல்லுவோம், தண்ணியில ஊறவச்சதும் செவப்பா கசிஞ்சு பக்கத்துல இருக்குற வெள்ளச் சட்டையில ஏறுதே அதுதான் ரன், வெயில்ல காயப்போட்டு காயப்போட்டு புடவை வெளுத்துப் போச்சுன்னா அது ஃபேட். அடுத்த தடவ யாராச்சும் கேட்டா "வாஷ் இட் செப்பரேட்லி தி ஃபர்ஸ்ட் டைம்"னு சொல்லிடும்மா, பொய்யும் இல்ல, வியாபாரமும் கெடாது.

இப்ப மனப்பாடம் மேட்டர். வேணாம், பண்ணவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய டிக்‌ஷனரி இருக்குல்ல, அதுல பீட்டர் கில்லிவர்னு ஒருத்தர் இந்த ரன்னை மட்டும் கையில எடுத்துக்கினு ஒம்பது மாசம் உக்காந்திருக்காரு, வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தம் தேறிச்சு, 2011ல இது பேப்பர்லயே வந்துது. அதுக்கு முன்னாடி 1989 பதிப்புல 'செட்'தான் ராஜா, அதுக்கு 430. ஒத்த வார்த்தைய பிரிச்சுப் போட அந்த மனுஷனுக்கே ஒம்பது மாசம்னா நீ ஒரு ராத்திரியில என்னத்த படிக்கப் போற.

ஏன் இப்படி வீங்கிப் போச்சுன்னா, மெஷினுங்கதான் பெரிய காரணம். காலால ஓடுறது, ஆறு ஓடுறது எல்லாம் பழசு. அப்புறம் கடிகாரம், மில்லு, ரயிலு, கரண்ட்டு, கம்ப்யூட்டர் புரோகிராம்னு எது புதுசா வந்தாலும் அது வேலை செய்யுறதுக்கு ரன்னையே மாட்டி விட்டுட்டாங்க. நாமளும் அதத்தான் செஞ்சோம், 1856 ஜூலை 1 அன்னைக்கு நம்ம ராயபுரத்துலேருந்து வாலாஜா ரோடு பக்கம் மொத வண்டி கெளம்புச்சே, அந்த ரயிலுக்கு காலா இருந்துச்சு? இருந்தும் ரயில் ஓடுதுன்னுதான் சொல்றோம். படம் ஓடுது, ஆட்டோ மீட்டர் ஓடுது, மனசுல என்னமோ ஓடுது, எல்லாமே ஓட்டம்தான். அதனால ரன்னுல பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும், பயப்படாத.

மாட்டுறது எங்கன்னா, தமிழ்ல ஓடு வேற, ஓட்டு வேற. வண்டி ஓடுது, வண்டிய ஓட்டுறேன். தானா நடந்தா ஒண்ணு, நாம நடத்தினா இன்னொண்ணு, ஸ்கூல்ல தன்வினை பிறவினைன்னு சொல்லிக் குடுத்தாங்களே அதான். இங்கிலீஷுக்கு அந்தக் கவலையே கிடையாது, "தி ஷாப் ரன்ஸ் வெல்"னா கடை நல்லா ஓடுது, "ஷி ரன்ஸ் தி ஷாப்"னா அந்தம்மாதான் கடைய நடத்துது, ரெண்டுத்துக்கும் அதே ரன்னு. அதனால ரன்னுக்குப் பின்னாடி ஒரு பொருள் ஒட்டிக்கினு வந்தா, நடத்துறது, இயக்குறது, செலவு பண்ணி வச்சிருக்குறதுன்னு அந்தப் பக்கம் யோசி. "ஐ ரன் எ கார்"னு ஒரு இங்கிலீஷ்காரன் சொன்னா அவன் டிரைவர்னு நினைச்சிடாத, கார் வச்சிருக்கேன், பெட்ரோலு இன்ஷூரன்ஸுன்னு அழுவுறேன்னு அர்த்தம். ஓட்டுறதுக்கு டிரைவ். இன்னொண்ணு, நம்மூருல "எதோ கடைய ஓட்டிகினு இருக்கேன்"னா தள்ளாடுதுன்னு அர்த்தம் ஆயிடும், ரன்னுல அந்தப் பெருமூச்சு கிடையாது. பசங்க ஒருத்தன ஓட்டுறதுக்கும் ரன் ஆவாது, கையும் ஓடல காலும் ஓடலன்றதுக்கும் ஆவாது, அதெல்லாம் நம்ம சொத்து.

மூக்கு ஒழுகினாலும் ரன்னுதான், ஜுரம் அடிச்சாலும் "ரன்னிங் எ ஃபீவர்"தான். வாலு சேந்துச்சுன்னா மட்டும் அத தனி வார்த்தையாவே வச்சிக்க. ரன் அவுட் ஆஃப்னா தீந்து போறது, லாரி வரல, சின்டெக்ஸ் காலி, "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் வாட்டர்". ரன் இன்ட்டுன்னா எதேச்சையா ஒருத்தர பாக்குறது, இல்ல போய் முட்டுறது. ரன் ஓவர்னா ஆள் மேல வண்டிய ஏத்துறது, எண்ணூர் ஹைவேல கன்டெய்னர் லாரி செய்யுற வேலை, வேணாம் விடு.

கேள்வி: ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பிப் போடாத, சினானிம் போட்டாத்தான் இங்கிலீஷ் ரிச்சா இருக்கும்னு கோச்சிங் கிளாஸ்ல சொன்னாங்க. எங்க நைனா டிபன் கடை வச்சிருக்காரு. "மை ஃபாதர் ஆபரேட்ஸ் எ டிபன் ஷாப்"னு இன்டர்வியூவுக்கு எழுதி வச்சிருக்கேன், ஓகேவா அக்கா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தப்பில்ல தம்பி, ஆனா கவர்மென்ட் லெட்டர் மாதிரி இருக்கு. ஆபரேட்னா ஹார்பர்ல கிரேன் ஆபரேட் பண்றாங்க, டாக்டர் ஆபரேட் பண்றாரு, பெரிய பஸ் கம்பெனி பஸ் ஆபரேட் பண்ணுது. மேனேஜ்னு போட்டா ஓனர் வேற யாரோ, உங்க நைனா சம்பளத்துக்கு இருக்காருன்னு நினைக்கலாம். ஓன்ஸ்னு போட்டா கடை அவரோடதுன்னு மட்டும்தான் தெரியும், காலைல நாலு மணிக்கு மாவு கரைச்சு ஷட்டர் தூக்குறது யாருன்னு தெரியாது. நடத்துறதுன்றத அப்படியே மாத்தி கண்டக்ட்னு மட்டும் போட்டுடாத, கண்டக்ட் பண்றது எக்ஸாமு, மீட்டிங்கு, சர்வே. டிபன் கடைக்கு ரன்ஸ்தான் கரெக்ட்டு, சின்ன வார்த்தையா இருக்கேன்னு கேவலமா பாக்காத.

காலால ஓடுறதுக்குத்தான் நெறைய சாய்ஸ் இருக்கு. ஸ்பிரின்ட்னா நூறு மீட்டர் ரேஸ் மாதிரி முழு மூச்சு. ஜாக்னா டாக்டர் சொன்னாருன்னு காலைல பெரம்பூர் பார்க்குல பெருசுங்க ஓடுறது. கும்மிடிப்பூண்டி வண்டி பிளாட்பாரத்துக்குள்ள வந்துடுச்சு, நீ இன்னும் படிக்கட்டுல இருக்க, அப்ப குடுக்குறியே ஒரு ஓட்டம், அது டேஷ். போல்ட்னா மிரண்டு போய் திடீர்னு எடுக்குற ஓட்டம், பட்டாசு சத்தத்துக்கு குதிரை ஓடுமே அந்த மாதிரி. ஃப்ளீன்னா உசுருக்குப் பயந்து ஊரவிட்டே போறது, கிளாஸ் கட் அடிச்சிட்டு ஓடுறதுக்கெல்லாம் அத போடக்கூடாது. ரஷ்னா அவசரம் மட்டும்தான், ஆட்டோல உக்காந்துகினே ரஷ் பண்ணலாம். சினானிம்னு லிஸ்ட்டுல பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்கன்றதுக்காக ஒண்ணு இருக்குற எடத்துல இன்னொண்ண தூக்கிப் போட்டா இப்படித்தான் இடிக்கும்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் ரயில்வேல லோகோ பைலட். ரன்னிங் ரூம்ல இருக்கேன்னு போன் பண்ணுவாரு. பையன் "அப்பா அங்க எக்சர்சைஸ் பண்றாரா?"ன்றான். என்ன சொல்றது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: தூங்குறாருன்னு சொல்லுங்க! ரயில்வே கணக்குல வண்டியோட போற லோகோ பைலட்டு, ட்ரெயின் மேனேஜர் (முன்னாடி கார்டு) எல்லாம் ரன்னிங் ஸ்டாஃப், அவங்க வெளியூர்ல டூட்டி முடிச்சு சாப்ட்டு படுத்து எந்திரிக்கிற எடம் ரன்னிங் ரூம். ஓடின கிலோமீட்டர் கணக்குல வர்ற படிக்கும் ரன்னிங் அலவன்ஸ்னுதான் பேரு. ஆனா "ரன்னிங் பஸ்ல ஏறாதே"ன்னு நாம சொல்றது இங்க மட்டும்தான் செல்லும், வெளிய போனா "மூவிங் பஸ்".

கேள்வி: எலெக்‌ஷன்ல நிக்கிறதா, ஓடுறதா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: இங்கிலாந்துல நிப்பாங்க, அமெரிக்காவுல ஓடுவாங்க. பிரிட்டிஷ் இங்கிலீஷ் ஸ்டேண்ட், அமெரிக்கன் இங்கிலீஷ் ரன். நம்ம பேப்பர்ல பெரும்பாலும் கன்டெஸ்ட்னு போடுவாங்க, அதையே நீங்களும் போட்டுக்குங்க.

கேள்வி: "ஐ ஹேவ் ரேன்"னு எழுதினத மிஸ் தப்புன்னு அடிச்சுட்டாங்க. நேத்து நடந்ததுக்கு ரேன்தானே?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: தனியா வந்தா ரேன், "ஐ ரேன் எஸ்டர்டே". முன்னாடி ஹேவ், ஹேஸ், ஹேட் எது வந்தாலும் திரும்ப ரன்னுக்கே போயிடும், "ஐ ஹேவ் ரன்". கம், பிகம்முக்கும் இதே கததான். மிஸ் போட்டது கரெக்ட்டு மார்க்கும்மா.